ஆவியில்லா அடுப்பு: காருக் மக்களின் வியர்வை வீடு எப்படி இயங்குகிறது?

இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளாதவர் யாராவது உண்டா? மூடி ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், ஆவி வந்து மணிக்கட்டைச் சுட்டுவிடும். இப்போது விறகு அடுப்பு வைத்திருக்கும் ஒரு பழைய பேக்கரியை நினைத்துப் பாருங்கள். இட்லிப் பானைக்குள் 100 டிகிரி என்றால் அந்த அடுப்புக்குள் 200-ஐத் தாண்டும். ஆனாலும் மாஸ்டர் கையை உள்ளே விட்டு, தட்டைத் திருப்பி வைத்துவிட்டு, அவசரமில்லாமல் வெளியே எடுக்கிறார்.

இரண்டு மடங்கு சூடு சுடவில்லை, பாதிச் சூடு சுடுகிறது. இது எப்படி?

ஈரம்தான் காரணம். ஆவி தோலில் பட்டவுடன் தண்ணீராக மாறுகிறது. அப்படி மாறும்போது, தான் சுமந்து வந்த சூட்டையெல்லாம் தோலில் இறக்கிவைத்துவிடுகிறது. காய்ந்த காற்றிடம் இறக்கிவைக்க அவ்வளவு சுமை கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் நுழையப் போகும் வீட்டின் பாதி ரகசியம் இதில் இருக்கிறது.

வியர்வைக் குளியல் என்றதும் நமக்கு நினைவு வருவது வேது பிடிப்பது: கொதிக்கும் சட்டி, நொச்சி இலை, தலையோடு போர்த்திய கம்பளி. அமெரிக்கப் பழங்குடிகள் வரும் படங்களைப் பார்த்தவர்களுக்கு வேறொரு காட்சியும் நினைவுக்கு வரலாம். வளைத்த கம்புகளின் மேல் தோல் போர்த்திய ஒரு குடிசை, நடுவில் பழுக்கக் காய்ச்சிய கற்கள், அவற்றின் மேல் தண்ணீர் ஊற்ற, குப்பென்று ஆவி. அது சமவெளிப் பழங்குடிகளின் முறை, இட்லிப் பானை வகை. காருக் மக்களின் வியர்வை வீடு பேக்கரி அடுப்பு வகையைச் சேர்ந்தது. அங்கே கல்லில் தண்ணீர் ஊற்றுவதில்லை. நேரடியாகத் தீ, காய்ந்த சூடு.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கலிஃபோர்னியாவின் வடமேற்கு மூலையில் கிளாமத் என்றொரு ஆறு, ஏறக்குறைய 410 கிலோமீட்டர் ஓடி பசிபிக் கடலில் விழுகிறது. அதன் நடுப்பகுதியில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே, காருக் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியில் திசை சொல்லக் கிழக்கு மேற்கு தேவையில்லை. 'காருக்' என்றால் ஆற்றின் மேற்பக்கம், நீர் வரும் திசை. 'யூருக்' என்றால் நீர் போகும் திசை. 'மாருக்' என்றால் மலையேறும் பக்கம். 'சாருக்' என்றால் சரிவில் இறங்கி ஆற்றை நோக்கிப் போகும் பக்கம். காருக், யூரோக் என்ற இரண்டு இனப் பெயர்களுமே இந்த மேலாறு, கீழாறு என்ற சொற்களிலிருந்து வந்தவைதான். இவற்றில் மாருக், சாருக் இரண்டையும் கையில் முடிந்துகொள்ளுங்கள். நம் வீட்டை இயக்கும் இரண்டு முனைகள் அவை.

பழைய காருக் ஊரில் இரண்டு வகை வீடுகள் இருந்தன. பெண்களும் சின்னக் குழந்தைகளும் தூங்கும் குடும்ப வீடு 'இக்ரிவ்ராம்'. ஆண்களும் வளர்ந்த பையன்களும் தூங்கும் வியர்வை வீடு 'இக்மஹாச்ராம்'. இரண்டு சொற்களின் வாலிலும் 'ராம்' இருக்கிறதல்லவா? அது நம்மூர் ராமரல்ல. ஒரு காரியம் நடக்கும் இடம் அல்லது ஒரு பொருள் இருக்கும் இடம் என்று பொருள் தரும் விகுதி. புகைக்குழாய்க்குக்கூட 'உஹ்ராம்' என்றுதான் பெயர், அதாவது புகையிலையின் இடம். நாம் வெற்றிலைப்பெட்டி என்கிறோமே, அதுபோல உள்ளே இருப்பதை வைத்தே பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் புத்தி.

இந்த மொழியை விரிவாக எழுதிவைத்தவர் வில்லியம் பிரைட். அவருடைய காருக் இலக்கணம் 1957-இல் வெளிவந்தது. சொல் சொல்லாகக் கேட்டுக்கொண்டே இருந்த அந்த இளைஞருக்கு, 'குட்டிச் சொல்கேட்பான்' என்று பொருள்படும் ஒரு காருக் பெயரை அந்த மக்கள் சூட்டினார்கள். பிறகு இந்தியா வந்து கன்னடப் பேச்சுமொழியையும் ஆராய்ந்தார். அவர் படித்த பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியராக இருந்தவர் எமனோ, நம் நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவுசெய்த அதே எமனோ. உதகைக்கும் கிளாமத் ஆற்றுக்கும் இப்படி ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. சரி, வீட்டுக்குள் போவோம்.

வீடு என்கிறோமே தவிர, அது பாதி குழி. முதலில் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். பிறகு குழியின் பக்கங்களுக்குப் பலகை அடைத்தார்கள். தரைக்குக் கற்பலகையோ மரப்பலகையோ பாவினார்கள். நடுவில் தீக்குழி. மேலே பலகைக் கூரை. ரம்பம் இல்லாத காலம், ஆகவே எல்க் என்ற பெரிய மானின் கொம்பில் செய்த ஆப்புகளை மரத்தில் அடித்து இறக்கி, நாருக்கு நார் பிளந்து பலகை எடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கூரை மட்டும் தரையோடு தரையாகத் தெரியும். ஆள் மண்ணுக்குள் இருப்பார்.

ஏன் குழி? நம் வீட்டு மண் அடுப்பைத் தொட்டுப் பாருங்கள். சமையல் முடிந்து இரண்டு மணி நேரமானாலும் வெதுவெதுப்பாக இருக்கும். காஸ் அடுப்பு அணைத்த ஐந்தாவது நிமிடம் ஆறிவிடும். மண் மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். அதோடு குழிக்குள் காற்று அடிக்காது, மூட்டிய சூட்டைத் திருட ஆளில்லை. ஆகவே சின்ன அறை, கனத்த சுவர், கொஞ்சம் விறகு போதும். பேக்கரி அடுப்பும் இதே கணக்குதான். அங்கே ரொட்டியை வேகவைப்பது தீ என்று நினைக்கிறோம். உண்மையில் தீயைக் குடித்துவைத்த சுவர்தான் வேகவைக்கிறது.

பிறகு வாசல்கள். ஆட்கள் இறங்குவதற்கு ஒரு திறப்பு, படி வெட்டிய மரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வெளியேற, தரை மட்டத்துக்குப் பக்கத்தில் வேறொரு பொந்து. அது மிகக் குறுகலானது, தவழ்ந்து நெளிந்துதான் வர முடியும். முறுக்கு அச்சிலிருந்து மாவு வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வியர்த்த உடம்பு வழுக்கும் என்பதால் போகும்போது இல்லாத வசதி வரும்போது இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சின்ன வாசல் கஞ்சத்தனத்தால் வந்ததல்ல. ஏசி அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு நிற்கும் பிள்ளையை நாம் திட்டுகிறோமே, அதே காரணம்தான். பெரிய வாசல் வைத்தால் சூடு போய்விடும். மேலும், இரண்டு திறப்புகள் இரண்டு உயரத்தில் இருந்தால் நடப்பது என்ன? மண் அடுப்பில் கீழே வாய் இருக்கிறது, மேலே குமிழ் இருக்கிறது. கீழ் வழியாகக் காற்று நுழைகிறது, மேல் வழியாகப் புகை போகிறது, தீ நன்றாகப் பிடிக்கிறது. பிறகு திறப்புகளை மூடினால்? அடுப்பு தம் போட்ட பிரியாணிச் சட்டியாகிவிடும். சூடு உள்ளேயே சுற்றும்.

இனி விறகு. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்த வீடு உண்மையில் இயங்கத் தொடங்குவது தீக்குழியில் அல்ல.

வியர்வை வீட்டுக்கு விறகு வேண்டுமென்றால் வீட்டுப் பக்கத்தில் கிடக்கும் கட்டையைப் பொறுக்கிப் போட முடியாது. மாருக் போக வேண்டும், மலையேற வேண்டும். அங்கே உயர்ந்த ஃபிர் மரத்தில் ஏறி, உச்சிப் பக்கத்துக் கிளைகளை வெட்டி, கட்டிச் சுமந்து இறங்க வேண்டும். காருக் மக்களிடமும் அவர்களுடைய அண்டை இனங்களான யூரோக், ஹூபா மக்களிடமும் இது ஒரு நோன்பு. வெறுமனே விறகு வெட்டும் வேலையல்ல. போகும்போதும் வரும்போதும் வேண்டிக்கொண்டே போவார்கள், மனமுருகி அழுவார்கள். வேண்டுதல் பெரும்பாலும் செல்வத்துக்காக. அவர்களுடைய பணம் 'இஷ்புக்', யானைத் தந்தம்போல வளைந்த சின்னஞ்சிறு கடற்சிப்பி. வடக்கே தொலைதூரக் கடற்கரையிலிருந்து கைமாறிக் கைமாறி வந்து சேரும். அந்தச் சிப்பிச் சரத்தை அளப்பதற்கு முன்கையில் கோடு பச்சைகுத்தி வைத்திருந்தார்கள் அந்த ஆற்று ஆண்கள்.

நம்மிடம் ஒரு சொல்வழக்கு உண்டு, அடுப்பில் பூனை தூங்குகிறது என்று. வீட்டில் வறுமை என்று பொருள். காருக் ஊரிலோ அடுப்புக்குழியின் பக்கத்திலேயே ஆண்கள் தூங்கினார்கள், அது செல்வத்துக்கான வழி. ஒழுங்காக விறகு சுமந்து, ஒழுங்காக வியர்த்து, ஒழுங்காகக் குளித்தவனைத் தேடித்தான் இஷ்புக் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. சோம்பேறிக்கு அது வராது. பையன்களை விடியலில் எழுப்ப இதைவிட நல்ல கதை என்ன இருக்கிறது!

நம்பிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு அடுப்புக் கணக்காகப் பார்த்தாலும் அந்தக் கிளைகள் சரியான தேர்வு. தென்னம்பாளையும் பன்னாடையும் எப்படி எரியும்? படபடவென்று பிடித்து, ஒரே மூச்சில் சூட்டைக் கொட்டும். புளியங்கட்டை எப்படி எரியும்? மணிக்கணக்கில் நின்று நிதானமாக எரியும். அவசரமாகத் தண்ணீர் காய வேண்டும் என்றால் பாளை, கறி வேக வேண்டும் என்றால் கட்டை. வியர்வை வீட்டுக்குத் தேவை சீக்கிரம் ஏறும் சூடு. பிசின் ஊறிய மெல்லிய ஃபிர் கிளை அதைத் தரும்.

இப்போது தீ மூட்டியாயிற்று. உள்ளே ஆண்கள் இருக்கிறார்கள். என்ன செய்கிறார்கள்? தரையோடு தரையாகப் படுத்துக்கொள்கிறார்கள். ஏன் என்பதை உங்கள் சமையலறைப் பரணே சொல்லும். தாளிக்கும்போது மிளகாய் நெடி முதலில் பரணுக்குத்தான் போகும், கரி படிவதும் அங்கேதான். சூடான காற்றும் புகையும் மேலே ஏறும். கீழே இருக்கும் காற்று கொஞ்சம் தெளிவாக, கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். ஆகவே படுப்பவன் பிழைப்பான். (இதைப் படித்துவிட்டு வீட்டு அறையை அடைத்துக்கொண்டு கரி மூட்டிவிடாதீர்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தரையில் படுத்தவரையும் கொல்லும்.)

இனி இயந்திரத்தின் முக்கியமான பாகத்துக்கு வருவோம். அது வீட்டில் இல்லை, உடம்பில் இருக்கிறது.

மூளையின் அடியில் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. உடம்பின் சூட்டை 37 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது அதன் வேலை. சூடு ஏறியதும் அது முதலில் ஒன்று செய்கிறது: ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. சாதாரண நேரத்தில் தோலுக்குப் போகும் ரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டர்கூடத் தேறாது. கடும் சூட்டில் அது 6 முதல் 8 லிட்டர் வரை போகும். இது காபி ஆற்றும் வேலை. டம்ளரில் இருப்பது ஆறாது, அகன்ற டவராவில் ஊற்றினால் ஆறும். தோல்தான் நம் டவரா.

ஆனால் ஒரு சிக்கல். சுற்றியிருக்கும் காற்று காபியைவிடச் சூடாக இருந்தால் டவராவில் ஊற்றி என்ன பயன்? இன்னும் சூடேறும். ஆகவே மூளை இரண்டாவது வழியைத் திறக்கிறது. தோலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை கசியத் தொடங்குகின்றன. இனி உடம்பு டவரா அல்ல, மண்பானை.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? நுண்துளை வழியாகக் கசியும் நீர் காற்றில் உலர்கிறது. உலர்வதற்குத் தேவையான சூட்டைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுக்கும் என்பதை அடுப்புக் கணக்கில் சொல்கிறேன். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 70 கிலோகலோரி போதும். ஒரு லிட்டர் வியர்வை தோலில் உலர்ந்து மறைய ஏறக்குறைய 580 கிலோகலோரி வேண்டும். எட்டு மடங்கு! அத்தனையையும் உடம்பிலிருந்து தூக்கிக்கொண்டு போகிறது.

முதலில் சொன்ன இட்லிப் பானையை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது, காற்றிலேயே ஈரம் இருப்பதால் பானையின் கசிவு உலர வழியில்லை. ஆவிக் குடிசையிலும் அப்படித்தான், வியர்வை உலராமல் வழிந்து வீணாகும். காய்ந்த தீயின் முன்னால் வியர்வை உலர்கிறது, ஆகவே அதிகச் சூட்டையும் உடம்பு தாங்குகிறது. காருக் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிய கல் தேவைப்படாததன் பௌதிகம் இதுதான்.

சூடு போதும் என்று ஆனதும் அந்தக் குறுகிய பொந்து வழியாக நெளிந்து வெளியே வருகிறார்கள். நேராக சாருக், ஆற்றுக்கு. மலைப்பனி உருகி வரும் நீரில் முழுக்கு. வெந்த முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போடும் வேலை. தோலில் விரிந்திருந்த ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்குகின்றன, ரத்தம் உள்ளே திரும்புகிறது, இதயம் திடுக்கிடுகிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. ஆனால் உள்ளே சேர்ந்த சூடு உடனே போய்விடாததால் நடுக்கம் உடனே வருவதில்லை. சிறுவயதிலிருந்து நாள்தோறும் பழகிய உடம்புக்கு இது சுகம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல.

இது நோய் வந்தால் மட்டும் செய்த வைத்தியமல்ல, அன்றாடப் பழக்கம். வேட்டைக்கு முன்பு கட்டாயம். மீன் நறுக்கிய கையைப் புளி போட்டுக் கழுவாமல் போனால் தெருப் பூனையெல்லாம் பின்னால் வரும். அங்கே எதிர்க்கதை, மனித வாடை பட்டால் மான் ஓடிவிடும். ஆகவே வியர்த்து, குளித்து, மூலிகை தேய்த்துக்கொண்டு கிளம்பினார்கள்.

இரவானால் அதே அறை திண்ணையாக மாறும். மரக்கட்டையில் செதுக்கிய தலையணை, சுவரில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பு, பெரியவர்களின் பேச்சு, உஹ்ராமில் ஒரு இழுப்பு. காருக் மக்கள் பயிரிட்ட ஒரே செடி புகையிலைதான். கட்டைகளை எரித்த சாம்பல் மண்ணில் விதைத்தார்கள். இந்த வாழ்க்கையைப் பற்றி மொழியியலாளர் ஹாரிங்டன் 1932-இல் வெளியிட்ட காருக் புகையிலை நூலில், ஃபீபி மேடக்ஸ் என்ற காருக் பெண் தன் மொழியிலேயே சொல்லச் சொல்ல எழுதிய பகுதிகள் ஏராளம். ஆண்கள் உறங்கும் வீட்டைப் பற்றிய அறிவும் ஒரு பெண் வழியாகப் பிழைத்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம். வியர்வை வீடு பெண்களுக்கு முழுக்க மூடிய கதவும் அல்ல. இந்த ஆற்றங்கரையில் வைத்தியர்கள் பெரும்பாலும் பெண்கள். புதிதாக வைத்தியம் பழகுபவருக்கான நடனம் நடந்தது வியர்வை வீட்டில்தான்.

1850-இல் தங்கம் தேடி வெள்ளையர்கள் வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் காருக் ஊர்கள் பல எரிக்கப்பட்டன. ஆண்கள் எல்லோரும் இரவில் குழிவீட்டில் தூங்கும் அன்றாட வழக்கம் மெல்ல மறைந்தது. சடங்கு மறையவில்லை. ஆண்டுதோறும் கோடை முடியும் காலத்தில் 'பிக்யாவிஷ்' என்ற விழா நடக்கிறது. இந்தப் பெயருக்குள் இருக்கும் 'பிக்யவ்' என்ற சொல்லுக்குப் பழுதுபார்ப்பது, சரிசெய்வது என்று பொருள். உலகத்தையே ஒருமுறை பழுதுபார்த்துவிடும் விழா. கட்டிமீன், இனாம், பனம்னிக் முதலிய ஊர்கள் அதன் களங்கள். 'ஃபதவேனான்' எனப்படும் பூசகர் அந்த நாட்களில் நோன்பிருந்து, வியர்வை வீட்டில் தங்கி, ஆற்றில் குளித்து, மலைப்பாதையில் நடந்து தீ மூட்டுகிறார்.

இந்த வீட்டின் ஒரு முனை மலையுச்சி மரம், மறுமுனை ஆறு என்றேன். நடுவில் உள்ள குழியை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஆறு கெட்டால்? 1918-இல் தொடங்கி, கிளாமத்தின் மேற்பகுதியில் மின்சாரத்துக்காக அணைகள் வந்தன. மொட்டைமாடித் தொட்டியை மூடாமல் விட்டால் சித்திரை வெயிலில் பாசி பிடிக்குமே, அணைத்தேக்கங்களில் அதுதான் நடந்தது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நச்சு நீலப்பச்சைப் பாசி பொங்கியது. அது மிகுதியாக இருந்ததும் பிக்யாவிஷ் நடக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான். உடம்பைத் தூய்மைப்படுத்த இறங்க வேண்டிய நீரைத் தொடாதீர்கள் என்று அரசே பலகை வைத்தது.

காருக், யூரோக் முதலிய ஆற்று மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். முதல் அணை 2023-இலும் மற்ற மூன்றும் 2024-இலும் அகற்றப்பட்டன. காருக் மொழியில் சால்மன் மீனுக்கு 'ஆமா' என்று பெயர். 2024 அக்டோபரில் ஆமா, நூறாண்டுகளுக்கு மேலாக நுழைய முடியாதிருந்த மேலாற்றுக்கு, அணைகள் இருந்த இடங்களைத் தாண்டி நீந்திப் போயிற்று.